அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்

“சிந்துஜா, சத்தம் எங்க?”

“போட்டேன் மாஸ்டர்.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

கணேஸ் மாஸ்டர் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டு பின்வரிசையைப் பார்த்தார். “யாருக்காவது கேட்டுச்சா?”

பக்கத்திலேயே நின்ற பாயிஸாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கெலிஓயாவில் ஒரு துணிக்கடையின் மாடியில், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக நடக்கும் கராத்தே வகுப்பு அது. சிந்துஜாவின் குத்து நேராகப் போகும். உதை தோள் வரைக்கும் ஏறும். தண்டால் எடுக்கச் சொன்னால், ஆண்கள் மூச்சிரைத்துக் கிடக்கும்போது அவள் எழுந்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் குத்து முடிகிற இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடவேண்டும். கராத்தேக்காரர்கள் அதைக் ‘கியாய்’ என்பார்கள். அது மட்டும் அவளுக்கு வராது. வாய் பாதி திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வெளியே வருவது வெறுங்காற்று.

“வர்ற ஞாயித்துக்கெழம கண்டியில கிரேடிங். றவூப் மாஸ்டர் கொழும்பிலருந்து வர்றாரு. சத்தம் இல்லாட்டி ஆரஞ்சு பெல்ட் கனவுலயும் கெடைக்காது, சொல்லிட்டேன்” என்றார் கணேஸ் மாஸ்டர். றவூப் மாஸ்டரின் பெயரைச் சொல்லும்போது அவர் குரலே தாழ்ந்துவிடும். “அவர்கிட்ட வணக்கம் சொன்னாக்கூட திருப்பிச் சொல்லமாட்டாரு. அப்படி ஒரு கட்டுப்பாடு. ஆனா சத்தத்துல மட்டும் விட்டுக்குடுக்கவே மாட்டாரு.”

சிந்துஜா பிறந்து வளர்ந்தது ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், சுவரோடு சுவராக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். இந்தக் காம்பராவில் இருமினால் அந்தக் காம்பராவில் தூங்கும் பிள்ளை எழும்பிவிடும். அதனால் ‘மெதுவா பேசு’ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். இப்போது கண்டி நகரில் ஒரு கண் கிளினிக்கில் வேலை. நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அவள் கூப்பிட்டால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். கதிரை கதிரையாகப் போய்த் தோளைத் தட்டுவாள். மாலையில் வீடு திரும்பும்போது “எறங்கணும்” என்பாள். கண்டக்டருக்குக் கேட்காது. பஸ் அடுத்த தரிப்பிடத்தில்தான் நிற்கும். அங்கிருந்து திரும்பி நடப்பாள். கராத்தேக்கு வருமுன்பே அவள் கால்கள் உறுதியாக இருந்ததற்கு அதுதான் காரணம். யாரையும் அடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. சொன்ன இடத்தில் பஸ் நின்றால் போதும்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கீழே தேநீர்க்கடையில் கூடுவார்கள். மேலே கரைத்ததை அங்கே நிரப்பிக்கொள்வது வழக்கம்.

“நான் இப்ப சீனி தொடுறேல்ல” என்றான் ஜனகன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. சொல்லிக்கொண்டே ஒரு ரோல்ஸை எடுத்தான். “இது புரதம்.”

“உள்ளுக்கு ஈக்கிற உருளக்கெழங்கு” என்றாள் பாயிஸா. தையல்கடை நடத்துகிறவள்.

“ஒரு துண்டு மீனும் கிடக்குது.”

“முழங்கால் எப்பிடி?”

“படி ஏறேக்க நோகுது. உதைக்கேக்க நோகேல்ல. இனி வங்கிக்கு உதைச்சு உதைச்சுத்தான் ஏறவேணும்.”

சிந்துஜா சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை. போன தடவை கிரேடிங்கில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

“அதைக் கேக்காதேங்கோ” என்று ஜனகன் ரோல்ஸைக் கீழே வைத்தான். “பல்லை இறுக்கிக் கடிச்சுக்கொண்டு கத்தினா வயித்தில பவர் நிக்கும் எண்டு ஒரு வீடியோவில பாத்தனான். அப்பிடியே கத்தினன். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. றவூப் கிழவர் பெயில் போட்டுட்டார்.”

“நான் கொசு மாதிரித்தான் கத்தின” என்றாள் பாயிஸா. “எனக்குப் பாஸ்.”

“அதுதான் இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கேல்ல.”

பாயிஸா சிந்துஜாவின் கையைப் பிடித்தாள். “இங்க பாருங்க, வெக்கம்தான் உங்கட வருத்தம். வீட்டுக்குப் போய் தலகாணியில மொகத்த வெச்சுக் கத்திப் பழகுங்க. ஆருக்கும் கேக்காது.”

அன்று இரவே சிந்துஜா கட்டிலில் குப்புறப் படுத்தாள். தலையணையில் முகத்தை அழுத்தினாள். முழுப் பலத்தையும் திரட்டி முயன்றதில் தோள்கள் குலுங்கினவே தவிர, சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் கணவன் ரவிகுமார். பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைக் கடையில் வேலை அவனுக்கு. குலுங்கும் தோள்களைப் பார்த்ததும் கையிலிருந்த பை நழுவியது.

“சிந்து... ஒனக்கு யாரு சொன்னா?”

சிந்துஜா அசையாமல் கிடந்தாள்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ கட்டிக் குடுக்கிற சோத்துப் பார்சல நான் சாப்புடுறதில்ல. ஒறப்பு பத்தல. கடைக்குப் பின்னால நிக்கிற நாய்க்கு வச்சிட்டு, நான் போயி கொத்து ரொட்டி சாப்புடுவேன். தப்புதான். அழாத சிந்து!”

அழாத சிந்துஜா தலையைத் தூக்கினாள். கத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் ஒரு மனுசிக்குக் கிடைக்காது. எழுந்து உட்கார்ந்து, கால்களை ஊன்றி, வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

கடைசியில், “நாயி சாப்புடுதா?” என்று மட்டும் கேட்டாள்.

“ரசிச்சுச் சாப்புடுது.”

மறுநாள் வகுப்பில் ஜனகன் வேறு வழி சொன்னான். “தலைகாணி சத்தத்தைக் குடிச்சுப்போடும். குளிக்கிற அறைக்குள்ள நிண்டு கத்துங்கோ. சின்னச் சத்தமும் பெருசாக் கேக்கும். அதைக் கேக்கக் கேக்க உங்களுக்குத் துணிவு வரும்.”

அதிலே உண்மை இருந்தது. காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு முயன்றபோது முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது. “மீய்ய்...” என்று மெல்லிய நூல் போல ஒரு சத்தம். சிந்துஜாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுபடி முயன்றாள். “மீய்ய்ய்...”

வெளியே வந்தபோது கீழ்வீட்டு நப்லா டீச்சர் படிகளில் நின்றார். வீட்டுச் சொந்தக்காரி. முகத்தில் அப்படி ஒரு கவலை.

“மகள், குழாய்க்குள்ள பூனக்குட்டி ஒண்டு மாட்டியீக்கி! அது அழுற சத்தம் எங்கட குசினி வரைக்கும் கேக்குது.”

சிந்துஜா உடனே உண்மையைச் சொன்னாள். “டீச்சர், அது நான்தான்.”

“என்ன மகள்?”

“நான்தான் கத்துனேன்.”

“ஓ ஓ, நானும் கேட்ட. பாவம் குட்டி.”

அவள் கிளினிக்கிலிருந்து திரும்பி வருவதற்குள் குழாய் திருத்துகிற ஆள் வந்து குளியலறைச் சுவரை உடைத்திருந்தார். குழாய் இரண்டாக அறுபட்டுக் கிடந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பால். “பயத்துல உள்ளுக்குப் போயிட்டு போல” என்று நப்லா டீச்சர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்கக் கீழேயிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிய ரவிகுமாருக்கு ஒன்று விளங்கியது. இந்தச் சத்தம் சீக்கிரம் வெளியே வராவிட்டால் வீடே மிஞ்சாது.

“ஹேவாஹெட்டைக்குப் போவோம்” என்றான். “ஒங்க சித்தப்பா தோட்டத்துல மலையா கெடக்கு. உச்சியில ஏறி நின்னு இஷ்டத்துக்குக் கத்து. யாரு கேக்கப் போறா?”

கிரேடிங்குக்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, சிந்துஜா தேயிலை மலையின் மேல் துண்டில் தனியாக நின்றாள். எதிர்மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் சின்னச் சின்ன நிறப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். குளிர்ந்த காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள். வலக்கையால் குத்தினாள், இடக்கையால் தடுத்தாள், சுழன்று உதைத்தாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. கோபம் வந்தது. இன்னும் வேகமாகக் குத்தினாள். இரண்டு கையையும் சுழற்றினாள். துள்ளினாள்.

எதிர்மலையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு பெண் வாய் திறந்தபடி, கைகளை விசிறிக்கொண்டு, பச்சைக்கு நடுவே துள்ளுவது தெரிந்தது. தோட்டத்தில் அந்த ஆட்டத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

“குளவிடீ! குளவி கலைஞ்சிருச்சு! ஓடு!”

கூடைகள் உருண்டன. கொழுந்து பறந்தது. மலை முழுவதும் “குளவி! குளவி!” என்று எதிரொலித்தது. அவ்வளவு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓட, ஒரே ஒருத்திதான் சத்தமில்லாமல் அவர்களுக்குப் பின்னால் ஓடினாள். அவள் பின்னால் ஓடிவருவதைக் கண்டு, குளவியும் சேர்ந்து வருகிறது என்று அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

கொட்டிய கொழுந்தையெல்லாம் சிந்துஜாவும் ரவிகுமாரும்தான் குனிந்து பொறுக்கினார்கள். சித்தப்பா மூக்கையா அங்கே கங்காணி. துரையிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்து, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்.

“ஏன் புள்ள, ‘குளவி இல்ல’ன்னு ஒரு வார்த்த சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லிக்கிட்டேதான் சித்தப்பா ஓடுனேன்.”

திரும்பும் பஸ்ஸில் சிந்துஜா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். நாளைக்குப் போவதில்லை என்று ரவிகுமாரிடம் சொன்னாள். பஸ் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அவளுடைய வெள்ளை உடுப்பை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணி வைத்திருந்தான்.

கண்டியில் அந்த மண்டபம் பிரதான வீதியோரம் இருந்தது. மேடைக்குக் கீழே ஒரு கதிரையில் றவூப் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நரைத்த புருவம். அசையாத முகம். பக்கத்தில் மனைவி ரபீகா, மடியில் தேநீர்ப் பிளாஸ்க்கோடு. கணேஸ் மாஸ்டர் குனிந்து வணங்கி நலம் கேட்டார். பதில் வரவில்லை. “பாத்தீங்களா? கட்டுப்பாடு!” என்று பெருமையோடு திரும்பி வந்தார்.

பாயிஸா போனாள், வாயைப் பிளந்து கொசு போலக் கத்தினாள், பாஸானாள். ஜனகன் இந்தத் தடவை பயத்தில் பல்லைக் கடிக்க மறந்து ‘ஆ’ என்று அலறினான். அவனும் பாஸ். திரும்பி வந்து, “முழங்கால் நோவே இல்லை இப்ப!” என்றான்.

“சிந்துஜா!”

அவள் நடுவில் போய் நின்றாள். அசைவுகள் ஒவ்வொன்றும் தண்ணீராக ஓடின. கடைசிக் குத்து. சத்தம் போடவேண்டிய இடம். உதடு விலகியது. வெறுங்காற்று.

றவூப் மாஸ்டர் பேனையைக் கீழே வைத்தார். ‘இன்னொரு தடவை’ என்று விரலால் காட்டினார். மறுபடி குத்தினாள். மறுபடியும் காற்று. மண்டபத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கணேஸ் மாஸ்டருக்கு மனது தாங்கவில்லை. முன்னால் வந்தார். “மாஸ்டர், இது ரொம்ப அமைதியான புள்ள. மத்ததெல்லாம் சுத்தமா செய்யும். சத்தம் மட்டும்தான் வராது. இந்த ஒரு தடவ பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுங்க.”

றவூப் மாஸ்டர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. சிந்துஜாவின் முகத்தையே உற்றுப் பார்த்தபடி இருந்தார்.

அமைதியான புள்ள.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். கிளினிக்கில் எல்லோரும் போய்விட்ட பிறகு அறை பூட்ட அவளை நிறுத்தியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொருவரும் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். இப்போது அதே வார்த்தையைச் சொல்லி ஒரு பெல்ட்டைப் பிச்சையாக வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

சிந்துஜா கணேஸ் மாஸ்டரைக் கையால் மெல்ல ஒதுக்கினாள். காலை அகட்டி ஊன்றினாள். வயிற்றின் அடியில் ஏதோ ஒன்று சூடாகப் புரண்டு எழும்பியது. நெஞ்சைத் தாண்டியது, தொண்டையைத் தாண்டியது. முட்டி முன்னே பாய்ந்தது.

“ஹ்ஹாஆஆஆய்!”

கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பின. வெளியே வீதியில் ஒரு பஸ் கிரீச்சென்று பிரேக் போட்டு நின்றது. வாசலில் காவலாளி விசிலை வாயில் வைத்தபடி ஓடிவந்தார். கணேஸ் மாஸ்டர் இரண்டடி பின்னால் போய் ஜனகனின் மடியில் உட்கார்ந்தார். பின்வரிசையில் ரவிகுமார் கதிரையிலிருந்து எழுந்து, இனி நாய்க்கு ஒரு பருக்கைகூடக் கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

றவூப் மாஸ்டரின் உடம்பு தூக்கிப் போட்டது. பேனை உருண்டு விழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவியிடம் குனிந்து ஏதோ கேட்டார். மனைவி சிந்துஜாவைச் சுட்டிக்காட்டினார். அவ்வளவுதான், அந்த அசையாத முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது. எழுந்து வந்து, யாருக்கும் செய்யாத வேலையாக, ஆரஞ்சு பெல்ட்டைத் தன் கையாலேயே அவள் இடுப்பில் கட்டிவிட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பாயிஸா அழுதே விட்டாள்.

“சிந்து, இன்னொருக்கா கத்து!” என்றான் ரவிகுமார்.

“பேசாம இருங்க!” என்றாள் சிந்துஜா. அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

எல்லாம் அடங்கியபின் அவளுக்கு மனசு உறுத்தியது. வயதான மனிதர், முகத்துக்கு நேரே அப்படிக் கத்திவிட்டோமே என்று ரபீகாவிடம் போனாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா. ஐயாவோட காதுக்கு ரொம்பச் சத்தமா இருந்திருக்கும்.”

ரபீகா பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிலும் ஒருதடவை பார்த்து, அவள் காதோரம் குனிந்தார்.

“என்னத்துக்கு மகள் மன்னிப்பு? அவருக்குக் காது கேக்காம வருஷக்கணக்காகிட்டு, ஆரு வாயப் பெருசாத் தொறக்கியண்டு பாத்துத்தான் இவ்வளவு நாளும் மார்க் போட்ட. இண்டைக்குத்தான் என்னட்டத் திரும்பி, ‘ரபீகா, ஆரோ சத்தம் போட்ட மாதிரி ஈக்கே’ண்டு கேட்டார்!”