உள்ளே அனுப்பும் பட்டன்

வலியில்லாமையின் விலை முந்நூறு. இது தத்துவமல்ல, பல் ஆஸ்பத்திரிச் சுவரில் பலகையாகவே மாட்டியிருந்தார்கள். 'பல் எடுக்க ஐந்நூறு. வலியில்லாமல் எடுக்க எண்ணூறு.' கழித்துப் பார்க்க வேண்டியது மட்டும் நம் பொறுப்பு.

ஃபார்முலா கழித்துப் பார்த்தார். அந்த வலியிலும் பார்த்தார். தரை ஓடு மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியொன்றில் கணக்கு எழுதுகிறவர். யாருடைய எக்செல் ஷீட்டில் கூட்டல் உதைத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்து நிற்பார். பெயர் அப்படி வந்ததுதான். இடது கடைவாய்ப் பல் அவரைத் தூங்கவிட்டு இரண்டு நாளாகியிருந்தது. முந்நூறென்ன, அறுநூறு கேட்டாலும் பேரம் பேசாமல் எண்ணி வைக்கும் மனநிலையில் வந்திருந்தார். வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, கப்பல் கவிழ்ந்ததை நேரில் பார்த்தவர்போலக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு?" என்றார், வாயைப் பாதிக்குமேல் திறக்காமல்.

ஃபார்முலா சொன்னார். கவுன்ட்டரம்மாள் அதைத் திரையிலிருந்த டெக்ஸ்ட் பாக்ஸில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன். அதன்மேல் 'உள்ளே அனுப்பு' என்று எழுதியிருந்தது. அழுத்தினார். பட்டனைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் முளைத்தன. வேறொன்றும் நடக்கவில்லை.

"போகல," என்றார்.

"எது?"

"பேரு."

"பேரு போகலன்னா என்னம்மா? நான் நடந்தே போயிடறேன். கதவு அங்கதானே இருக்கு!"

"அது முடியாது சார்." சொன்னது, வாளியும் துணியுமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா. "டாக்டருக்கு உள்ள ஒரு டிவி இருக்கு. அதுல பேரு வந்தாத்தான் கூப்பிடுவாரு. போன வாரம் யாரு முதல்லன்னு ரெண்டு பேரு நாற்காலியத் தூக்கிட்டாங்க, அதுலேந்து இப்படி. ஒரு மணிக்கு ஊருக்குக் கிளம்பறாரு. விட்டா திங்கக்கெழமதான்."

மணி பதினொன்று தாண்டியிருந்தது. பெஞ்சில் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு டீச்சர், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபார்முலா கவுன்ட்டரின் மேல் எம்பித் திரையைப் பார்த்தார். பார்த்ததும் பல்வலியை மீறி ஒரு சூடு ஏறியது.

"அடக் கடவுளே! பட்டன வரையறதுக்கான டிசைன் மோட அணைக்காம பட்டன அழுத்தினா பட்டன் எப்படிம்மா வேல செய்யும்? மேல ஸ்கேலும் பென்சிலும் போட்ட ஒரு படம் இருக்கும். அத அழுத்துங்க."

அழுத்தினார். பிறகு பட்டனையும் அழுத்தினார். இந்த முறை பொட்டுகூட முளைக்கவில்லை.

"அழுத்தினா என்ன செய்யணும்னு கோடே எழுதலியா! வெறும் பட்டன வச்சு அழகு பாத்திருக்கீங்களா?"

"எனக்கு இது புதுசு," என்றார் அவர் மெதுவாக. பிறகு திரையில் ஒரு கட்டத்தைக் காட்டி, "பேர நேரா இதுல அடிச்சா ஆகாதா?"

இதைக் கேட்டபோது ஃபார்முலாவுக்கு வந்த கோபம், வலிக்கும் பல்லின் ஈறு வரை போய்த் திரும்பியது. நேராக அடிப்பதாம்! கட்டத்தில்! கையால்!

"அப்புறம் பட்டன் எதுக்கு? டெக்ஸ்ட் பாக்ஸ் எதுக்கு? உங்கள மாதிரி ஆளுங்களாலதாம்மா உலகத்துல பாதி ஷீட்டு நாசமாப் போகுது. ஒழுங்கா ஒரு தடவ கோடு எழுதிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல. ரெண்டே நிமிஷம். நான் சொல்றேன், நீங்க அடிங்க. முதல்ல டிசைன் மோடு போடுங்க."

"இப்பத்தானே அணைக்கச் சொன்னீங்க?"

"அப்ப அணைச்சது சரி. இப்ப போடறது சரி. பட்டன் மேல ரெண்டு தட்டுத் தட்டுங்க."

டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதை எடுத்து முதல் கட்டத்தில் வை என்று ஒரே ஒரு வரி. புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று சொல்லிச் சொல்லி அதை எழுதி முடிப்பதற்குள் ஃபார்முலாவின் தாடை கழன்றுவிடும்போல் ஆயிற்று. பட்டனை அழுத்தினார் கவுன்ட்டரம்மாள். பெயர் போனது! ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் ஃபார்முலாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

வெற்றியோடு இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி லாரி ஓட்டுநரின் நெஞ்சில் போய் முட்டியது.

"எங்க சார் போறீங்க? முதல்ல வந்தவன் நான், முதல் கட்டம் என்னோடது. அதுல நீங்க ஏறி உக்காந்துட்டீங்களே. இடத்த வளைச்சுப் போடறவன்கூட ராத்திரியிலதான் சார் செய்வான்!"

"அது நான் இல்லங்க, அந்த வரி அப்படி—"

"வரிய யாரு சொன்னது?"

பெஞ்சு மொத்தமும் கைகாட்டியது. ஃபார்முலா திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது, இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

"ஒவ்வொரு பேரும் அடுத்தடுத்த வரியில விழணும். கீழேந்து மேல தேடி, கடைசியா எழுதின வரியக் கண்டுபிடிச்சு, அதுக்கு அடுத்ததுல போடணும். அடிங்க, சொல்றேன்."

அடித்தார். ஓட்டுநரின் பெயரைப் பெட்டியில் எழுதிப் பட்டனை அழுத்தினார். பெயர் எங்கேயும் காணவில்லை. இதற்குள் ஃபார்முலாவின் பெயரும் முதல் கட்டத்திலிருந்து ஓட்டுநரின் மேற்பார்வையில் அழிக்கப்பட்டிருந்தது.

"டிவில யாரையும் காணோமே," என்றது ஒலிபெருக்கி. "அப்ப நான் கிளம்பட்டுமா?"

"ஐயோ, வேணாம் டாக்டர்!" அதுவரை வலிக்கிறதென்று மூடியிருந்த அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்தன.

தேடினார்கள். ஷீட்டின் அடிவயிற்றில், யாரும் போய்ப் பார்க்காத ஒரு வரியில், 'பஞ்சு தீர்ந்துவிட்டது, வாங்கவும்' என்று எவரோ எழுதி வைத்திருந்தார்கள். ஓட்டுநரின் பெயர் ஒழுங்காக அதற்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது.

"யாரு இத இங்க எழுதினது?"

"தெரியாது," என்றார் கவுன்ட்டரம்மாள்.

"மேடம், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார் டீச்சர், நடுவே.

"தெரியாது."

ஃபார்முலாவுக்குத் தாங்கவில்லை. "வேல பாக்கற எடத்துல பாத்ரூம் எங்கன்னு தெரியாதா? என்ன பொறுப்பும்மா இது! எங்க கம்பெனியில வாட்ச்மேன் வளர்க்கற நாய்க்குக்கூடத் தெரியும்!"

கவுன்ட்டரம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சொட்டு நீர் வழிந்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ என்று ஃபார்முலாவுக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனால் பல் அடுத்த கணமே அதை மறக்கடித்தது.

பஞ்சை அழித்தார்கள். மறுபடி பட்டன். போயிற்றா இல்லையா என்ற சந்தேகத்தில் கவுன்ட்டரம்மாள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். ஓட்டுநரின் பெயர் திரையில் மேலிருந்து கீழாக அணிவகுத்து நின்றது.

"என்னய்யா இது, ஒரே ஆளு எட்டுத் தடவ வராரு?" என்றது ஒலிபெருக்கி. "எனக்கு ஆளுக்கு ஒரு வாய்தான்."

கிடைத்த எட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் உள்ளே பாய்ந்துவிட்டார். மிச்சம் ஏழை அழிக்க வேண்டியிருந்தது.

"ஒரு தடவ அழுத்தினதும் பெட்டி தானா காலியாகணும். அதுக்கு ஒரு வரி. எழுதுங்க," என்றார் ஃபார்முலா.

எழுதினார். ஆனால் எல்லா வரிக்கும் மேலே எழுதினார். பட்டனை அழுத்தியதும் முதலில் பெட்டி காலியாயிற்று. பிறகு அந்தக் காலி, மரியாதையாக ஷீட்டுக்குப் போயிற்று. டீச்சரின் பெயரை மூன்று தரம் எழுதினார்கள். மூன்று தரமும் சூனியமே சேர்ந்தது.

அந்நேரம் பார்த்து ஃபார்முலாவின் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, பல்லு எடுத்தாச்சா?"

"இல்ல. இங்க ஒரு பட்டன்—"

"கம்ப்யூட்டரப் பாத்துட்டீங்களா? நெனச்சேன்! என் தம்பி வீட்டுக்கு விருந்துக்குப் போயி, அவன் செலவு ஷீட்டத் திருத்திட்டு உக்காந்து, எல்லாருக்கும் சோறு ஆறிப்போச்சே, மறந்துட்டீங்களா?"

"அவன் கூட்டினது தப்புடி."

"தப்பா இருந்துட்டுப் போகுது! நீங்க போனது வாயத் தொறந்து காட்ட. தொறந்து பேசறதுக்கு இல்ல. பல்லோட வீட்டுக்கு வந்தீங்கன்னா ராத்திரி முனகற சத்தத்தக் கேக்க நான் இருக்க மாட்டேன். அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

போனை வைத்தார். மணி பன்னிரண்டு. இனி வாயால் சொல்லிக் கையால் செய்விப்பது கட்டுப்படியாகாது. முதலுக்கே மோசம் வந்துவிடும்.

"எழுந்திருங்கம்மா!" என்று கத்தினார். "நானே பண்ணிக்கறேன்!"

கவுன்ட்டரம்மாள் எழுந்தார். அப்படியொரு சுறுசுறுப்பை அவரிடம் அதுவரை யாரும் கண்டதில்லை. ஃபார்முலா சுற்றிக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் விழுந்தார். விரல்கள் பறந்தன. இருந்ததையெல்லாம் அழித்தார். வரிகளை முறையாக அடுக்கினார். பெயர் எழுதாமல் அழுத்தினால் திட்டுகிற மாதிரி ஒரு செய்தியும் வைத்தார். அதை எழுதும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

"சோதிச்சுப் பாக்க ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க."

கவுன்ட்டரம்மாள் ஒரு பெயர் சொன்னார். அழுத்தினார் ஃபார்முலா. பெயர் சரியான வரியில் போய் விழுந்தது. பெட்டி காலியாகி, அடுத்த பெயருக்குத் தயாராகக் கண்சிமிட்டியது. ஓட்டுநர் வெளியே வந்தார். ஒலிபெருக்கி அந்தப் பெயரைக் கூப்பிட்டது. கவுன்ட்டரம்மாள் விறுவிறுவென்று நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் ஃபார்முலா டீச்சரிடம். "வேல செஞ்சது நான். 'பட்டன சரி பண்ணிட்டேன் டாக்டர்'னு போயி நல்ல பேரு வாங்கறது அவங்க. எல்லா ஆபீஸும் இப்படித்தான்."

"அதெல்லாம் இருக்கட்டும். என் பேர எழுதுங்க."

எழுதினார். பின்னால் நின்றவர் பெயரையும், அவருக்குப் பின்னால் நின்றவர் பெயரையும் எழுதினார். பட்டன் வெண்ணெய்போல் வேலை செய்தது. அந்தச் சூட்டோடு தன் பெயரையும் தட்ட ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க!" டீச்சரின் குரலில் ஒரு வகுப்பே அடங்கும். "என்ன பண்றீங்க? கடைசில வந்த ஆள் நடுவுல புகுந்து பேர எழுதறதா?"

"நானும் பேஷன்ட்தாங்க! பல்லு வலிக்குதுங்க எனக்கு!"

"பேஷன்ட் எங்கயாவது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காருவாங்களா? ஸ்டாஃபுன்னா வரிசை கிடையாதா?"

பெஞ்சு டீச்சர் பக்கம் சாய்ந்தது. ஃபார்முலா தன் பெயரை எல்லோருக்கும் கடைசியில் போட்டுக்கொண்டார். யாருடைய நாற்காலி இது? யாருடைய வேலை இது?

கால் மணியாயிற்று கவுன்ட்டரம்மாள் வெளியே வர. வாயில் பஞ்சு. முகத்தில் பல்வலி என்றால் என்னவென்றே தெரியாத அமைதி. பெஞ்சில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்படியா சேதி! இத்தனை பேர் துடித்துக்கொண்டிருக்க, ஸ்டாஃப் என்ற ஒரே காரணத்தால் வரிசையைத் தாண்டிப் போய்த் தன் பல்லைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். சல்லிக்காசு கொடுத்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"மேடம், சீட்டுக்கு வாங்க!"

அவர் பஞ்சைத் தொட்டுக் காட்டினார். பேசக் கூடாதாம். கையை வேறு இல்லையென்று ஆட்டினார்.

"பேச வேணாம்மா, உக்காந்தா போதும்!"

கவுன்ட்டரம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை சுகமாக. அதற்குள் டாக்டர் அடுத்தடுத்து ஆளைக் கூப்பிட, போன் ஒலிக்க, எவரோ பாத்ரூம் கேட்க, ஃபார்முலாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. பாத்ரூம் எங்கே என்று அவருக்கும் தெரியாது.

கடைசிக்கு முந்தின ஆள் வெளியே வந்தார். பின்னாலேயே, பெட்டியும் கையுமாக டாக்டரும் வந்தார்.

"பட்டன் பிரமாதம்! இவ்வளவு சீக்கிரமா இத்தன பேர நான் பாத்ததே இல்ல. நல்லா வேல செய்யறீங்க."

"டாக்டர், என் பல்லு, என் பேரு லிஸ்டுல—"

"எதுன்னாலும் திங்கக்கெழம பேசிக்கலாம். எட்டரைக்கு வந்துடுங்க." கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஃபார்முலா தாடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கவுன்ட்டரம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு, தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

"நில்லுங்கம்மா! உங்க வேலைய ரெண்டு மணி நேரமா நான் பாத்திருக்கேன்! பல்லையும் எடுத்துக்கிட்டு, ட்யூட்டி நேரத்துல கிளம்பி வேற போறீங்களா? இந்த மாதிரி ஒரு ஸ்டாஃப நான் எங்கயுமே பாத்ததில்ல!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார்.

தரை துடைக்கும் அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"அவங்க எங்க சார் ஸ்டாஃபு? இங்க வேல பாத்த பொண்ணு, பட்டன் போகலன்னு டாக்டர் கத்தினதுல காலைலயே கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அந்தம்மா உங்கள மாதிரியே பல்வலின்னு வந்து, 'எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும்'னு வாய விட்டு மாட்டிக்கிட்டவங்க. ஆகக்கூடிக் கணக்குப் பாத்தா, வந்தவங்க பல்லெல்லாம் வெளிய வந்துருச்சு, பட்டனும் வேல செய்யுது, கவுன்ட்டருக்கும் ஆள் கெடச்சாச்சு. பாக்கி உங்க பல்லு ஒண்ணுதான் சார்."