கேட்டதும் நானே, கொடுத்ததும் நானே

கிரிக்கெட் சீசன் தொடங்கிய புதிதில் எந்த ரசிகனிடமும் வாய் கொடுக்கக் கூடாது. அதிலும் அவன் அணி முதல் இரண்டு மேட்ச் ஜெயித்திருந்தால் நாலடி தள்ளியே நிற்க வேண்டும். எண்பதுகளில் நான் அப்படிப்பட்ட ஆள். எங்கள் திண்டிவனம் அணி அந்த வருடம் முதல் இரண்டு ஞாயிறும் ஜெயித்துவிட, எனக்குக் கால் தரையில் படவில்லை. இன்னும் வராத கோப்பையை எந்த டீக்கடையில் வைப்பது என்று சண்டைகூடப் போட்டேன். (பேட்டை நான் தொட்டதே இல்லை. கை தட்டுவது மட்டும்தான் என் இலாகா.)

மூன்றாவது ஞாயிறு விழுப்புரத்தில் மேட்ச். அதே ஊரில்தான் எனக்குப் பெண் பார்த்து, பேசி முடித்து, தாம்பூலம் மாற்றுவது மட்டும் பாக்கியிருந்தது. பெண் சரோஜாவின் தம்பி சேகர்தான் எதிரணியின் பெரிய பேட்ஸ்மேன். அவளுடைய அப்பா குடையும் கையுமாக வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

அம்பயருக்குத் திடீர்க் காய்ச்சல். பொதுவான ஆள் யார் என்று தேடியபோது விழுப்புரம் கேப்டன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இவரு பொறந்தது திண்டிவனம், மாப்ளையாவப் போறது விழுப்புரம். இவரவிட பொதுவான ஆளு எங்க கெடைப்பாரு?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நீதிபதிபோல நின்றேன்.

கடைசி ஓவர். அவர்களுக்கு மூன்று ரன் வேண்டும். சேகர் பேட்டைச் சுழற்றினான். பந்து கீப்பர் கைக்குப் போனது. யாரும் அவுட் கேட்கவில்லை. அம்பயரான நான்தான் எகிறிக் குதித்து, ஃபீல்டர்கள் அவுட் கேட்பதுபோல "ஹவுஸாட்!" என்று கத்தினேன். கத்திய கையோடு, அவுட் கொடுக்கும் விரலும் தானாக மேலே போய்விட்டது.

எங்கள் பவுலரே ஓடி வந்தான்.

"அண்ணே, பேட்டுக்கும் பாலுக்கும் நடுவுல மாட்டு வண்டியே போவும்ணே. நீ ஏன் கத்திக்கினு இருக்க?"

சேகர் பேட்டைத் தூக்கித் தோளில் வைத்தான். "இன்னா மாமா, கேக்குறதும் நீங்களே, குடுக்குறதும் நீங்களேவா?"

வருங்கால மாமனார் குடையை மடக்கிக்கொண்டு பிட்ச் நடுவுக்கே வந்துவிட்டார். அவுட் என்றால் கல்யாணம் போச்சு. இல்லை என்றால் திண்டிவனம் பக்கம் தலைகாட்ட முடியாது.

"மாப்ள, உண்மையச் சொல்லுங்க. அவன் அவுட்டா?"

"இல்லீங்க மாமா," என்றேன் அழாத குறையாக. "ஆனா நாங்க ஜெயிக்கணுமே!"

அவர் இடி இடிப்பதுபோலச் சிரித்தார். "இந்த ஆளுக்குப் பொய்யே வராதுடா. பொண்ணு தாராளமா குடுக்கலாம். மேட்ச்ச குடுக்க முடியாது."

நான் விரலை இறக்கினேன். அடுத்த பந்தை சேகர் ஃபோருக்கு விரட்டினான். பஸ்ஸில் எங்கள் பசங்கள் எனக்கு உட்கார இடம் தரவில்லை. விக்கிரவாண்டி தாண்டியும் நின்றுகொண்டேதான் வந்தேன். அந்த சீசனில் எங்கள் அணி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதற்கும் என் விரல்தான் காரணமாம்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்து, மேளச் சத்தம் அடங்கிய நேரம். பின்னாலிருந்து சேகர் "ஹவுஸாட்!" என்று கத்தினான். தலை குனிந்தபடியே சரோஜா, மருதாணி விரலை மெல்ல உயர்த்தினாள். பந்தியிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்து சிரித்தார்கள்.

எனக்கு இப்போது சர்க்கரை. இரண்டாவது லட்டுக்குக் கை நீட்டினால் போதும், பேரப்பிள்ளைகள் "ஹவுஸாட்!" என்று கத்துவார்கள். சரோஜா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். விரல் மட்டும் மேலே போகும்.