கயிறு எறியும் வரை பாடுகிறவர்

சினிமாப் பாட்டைச் சினிமாக்காரரை விடத் திறமாகப் பாடுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் சென்னையில் இல்லை, கொழும்பிலும் இல்லை. ஊர்காவற்றுறைக்கும் அனலைதீவுக்கும் இடையில், என் படகில், எஞ்சின் பெட்டிக்கு மேல், மடியில் ஒரு பழைய மண்ணெண்ணெய்க் கானை வைத்துத் தட்டிக்கொண்டு இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசிப்பார். எஞ்சின் பாகவதர் என்று சொல்லிப் பாருங்கள், கடலடியில் கிடக்கிற நண்டும் தலை நிமிர்த்தும்!

என் படகு என்று சும்மா சொல்லவில்லை. நாரந்தனைப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டது. அல்லது நான் அதை விட்டேன். தெற்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவத் தொடங்கிய கை இது. இன்றைக்கு இரும்புக் கடை, சீமெந்துக் கடை, மேல்மாடி வீடு, இந்தப் படகு, எல்லாம் இந்தக் கைதான். படித்த மருமகன்மார் இருக்கிறார்கள். ஒரு காரியம் பிழைத்தால் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். முதலாளியான பிறகும் படகு துறையை அணைகிறபோது கயிறு எறிவது நான்தான். என்னைப் போலக் கயிறு எறிய இந்தக் கடலில் ஆள் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கதைக்குத் தேவைப்படுகிறது.

பாகவதர் உண்மையில் நாட்டுப்பாட்டுக்காரர். சொந்தமாகக் கட்டிப் பாடுகிற ஆள். மனைவி அனலைதீவு, வீடும் அங்கே; வேலை ஊர்காவற்றுறையில். ஆகையால் தினமும் என் படகுதான். ஆனால் படகில் ஏறுகிற சனம் அவருடைய சொந்தப் பாட்டைக் கேட்குமா? அவர் தொண்டையைச் செருமியவுடனேயே செல்லம்மாக்கா தொடங்கிவிடுவார். அனலைதீவில் இருந்து கோழிமுட்டை கொண்டுபோய் விற்கிற மனுசி, படகிலேயே பெரிய வாய்.

"பாகவதர், படப் பாட்டு ஒண்டு எடுத்து விடும்."

"அக்கா, இண்டைக்கு என்ர சொந்தப் பாட்டு ஒண்டு பாடுறனே."

"அதை வீட்டை போய் மனுசிக்குப் பாடும். எங்களுக்குப் படப் பாட்டு."

"ஒருக்கா எண்டாலும் அதை முழுக்கக் கேட்டுப் போட்டுச் சொல்லுங்கோவன், அக்கா!"

"ஓம் ஓம், கேப்பம், நாளைக்கு."

அந்த நாளை வரவே இல்லை. ஓரிரு தடவை அவர் தொடங்கியும் பார்த்தார். அது ஒரு ஆறுதலான பாட்டு, இழுத்து இழுத்துப் பாட வேண்டியது. என்னுடைய எஞ்சினோ ஊரையே எழுப்புகிற சாமான். முதல் வரி வெளியே வர முதலே எஞ்சின் அதை விழுங்கிவிடும். "தண்ணியே..." என்பது மட்டும் கேட்கும். பிறகு டகடகடகடக.

ஆகவே மனிதர் படப் பாட்டுக்கு இறங்கினார். இறங்கினவர் சும்மா இறங்கவில்லை! எந்தப் பாட்டையும் எஞ்சின் தாளத்துக்குத்தான் பாடுவார். தாலாட்டா, டகடக. பக்திப் பாட்டா, டகடக. காதலி செத்துப்போய்க் கதாநாயகன் கதறுகிற ஒரு பாட்டுக்கு அல்லைப்பிட்டியில் இருந்து வந்த ஒரு கல்யாணக் கூட்டமே கால் தட்டியது. இரண்டு கிழவர்கள் எழும்பி ஆடினார்கள். படகு சரிந்தது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நடுக்கடலில் பாட்டை விடக்கூடாது. ஒரு சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்ட நாளில், அவர் பாட்டைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாராம். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தார்களாம். அன்றைக்குப் பிடித்தது இந்தச் சட்டம். துறையை விடும்போது தொடங்குகிற பாட்டு, மற்றத் துறையில் கயிறு விழுகிறபோதுதான் முடியும். ஒரு படப் பாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே, மிச்சக் கடலுக்கு என்ன செய்வது? அங்கேதான் மனிதரின் கெட்டித்தனம். அதே மெட்டில் சொந்தமாகக் கட்டிக்கொண்டே போவார். எழுவைதீவுக்குப் போகிற நாளில் பாட்டு ஓர் அளவு, அனலைதீவுக்கு இன்னோர் அளவு, காற்று எதிர்த்தால் இன்னும் நீளம். நான் கயிறு எறிந்ததும் டக்கென்று நிற்பார். சொல்லின் நடுவில் என்றாலும் நிற்பார். அரைச் சொல் கடலுக்கு.

ஒருநாள் கச்சேரியில், பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கக் கந்தோரில், வேலை செய்கிற ஒரு பெரிய ஐயா படகில் இருந்தார். பாகவதர் எடுத்தது காதல் பாட்டு. கதாநாயகியின் கண்ணைப் புகழ்கிற பாட்டு. படத்தில் உள்ள வரிகள் துறையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே முடிந்துவிட்டன. அதன் பிறகு வந்தது பாருங்கள்:

"கண்ணிரண்டும் விளக்காச்சு கண்மணியே மானே,
எங்கட துறைவிளக்கு எரியாமல் கிடக்கிறதும் ஏனே?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐயாவும் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அந்தக் கிழமையே துறையில் புது விளக்கு எரிந்தது. எத்தனையோ மனுக்கள் கொடுத்தும் எரியாத விளக்கு! படகு என்னுடையது என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன்.

இப்படியே போய், தீவுச் சனத்துக்கு அவர் பாடியதுதான் அசல் பாட்டு என்றாகிவிட்டது. செல்லம்மாக்காவின் வீட்டில் ஒருநாள் வானொலியில் அதே கண் பாட்டுப் போனதாம். விளக்கு வரியும் வரவில்லை, நண்டு விலையைப் பற்றி அவர் பிறகு கட்டிச் சேர்த்த வரியும் வரவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. அக்கா அடுத்த நாள் படகில் ஏறும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"கேட்டியளே அநியாயத்தை! எங்கட பாகவதற்ற பாட்டை ஆரோ களவெடுத்து, பாதியை வெட்டிப் போட்டுப் பாடுறாங்கள்! அதுவும் மெள்ளமாய், காய்ச்சல்காரன் மாதிரி!"

பாகவதர் கானைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, என்ர பாட்டுத்தான் இது எண்டு சொல்லுகினம். என்ர பாட்டைப் பாட விடுகினமில்லை."

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது என் சின்ன மகளின் கல்யாணம். மாப்பிள்ளை பகுதி கனடாவில் இருந்து வந்திறங்கியிருந்தது. முற்றத்தை அடைத்துப் பந்தல் போட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கீபோட், டிறம், விளக்கு எல்லாம் வைத்த ஒரு இசைக்குழுவைப் பிடித்தேன். பாகவதரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று நான்தான் மேடையில் ஏற்றினேன். மனிதர் வேட்டி, சால்வை, கையில் அதே மண்ணெண்ணெய்க் கான். தொடங்கினார். பந்தல் அதிர்ந்தது! கனடாக்காரர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். டிறம்காரன் சிரித்துச் சிரித்து அடித்தான்.

படப் பாட்டு முடிந்தது. பாகவதர் முடிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பாடினார், பொம்பிளையைப் பாடினார், சம்பந்தியின் வழுக்கையைப் பாடினார். சமையல்காரன் இலை போட்டுவிட்டு வந்து நின்றான், அவனையும் பாடினார். சோறு ஆறியது. கீபோட்காரப் பெடியன் என்னைப் பார்த்து அழுவாரைப் போலச் சொன்னான்: "ஐயா, என்ர விரல் கழண்டு போகுது. உவரை ஆரும் நிப்பாட்டுங்கோ!"

நான் மேடையடிக்குப் போய், "பாகவதர், காணும், பாட்டை முடியும்!" என்றேன்.

மனிதர் பாட்டை விடாமல், அதே மெட்டிலேயே எனக்குப் பதில் சொன்னார்: "துறை இன்னும் தெரியேல்லை அண்ணை, எப்பிடி நான் முடிக்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் தரையில் பாட்டு முடித்தே பழக்கமில்லாதவர்!

சம்பந்தி பக்கத்தில் வந்து காதுக்குள் கேட்டார். "உங்கட ஊரிலை பாட்டுக்கு முடிவே இல்லையோ?"

"இருக்குது சம்பந்தி. அதுக்குக் கயிறு வேணும்."

கயிற்றுக்கு எங்கே போவது? பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். பந்தல் மூலையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன், சுருட்டினேன், ஒரே எறி! மைக்குக்கும் பாகவதருக்கும் நடுவில், ஒரு முடி பிசகாமல் விழுந்தது. பாகவதர் அரைச் சொல்லில் நின்று, கும்பிட்டு, இறங்கினார். அதே நேரம் பந்தலின் மூலையும் இறங்கி, மாப்பிள்ளை பகுதிப் பெண்களின் கொண்டைகளின் மேல் இருந்தது. பிறகு கனடாக்காரர் எழும்பி நின்று கை தட்டினார்கள்! இது எங்கள் தீவு முறை என்று நினைத்துவிட்டார்கள். நானும் ஓம், முறைதான் என்று சொல்லிவிட்டேன். பிறகு கனடாவில் ஒரு கல்யாணத்தில் பாட்டுக்காரனுக்குக் கயிறு எறிந்து முடித்தார்களாம். காணொளி என் கைபேசிக்கும் வந்தது. எறிந்த விதம் சரியில்லை.

இவ்வளவு புகழ் வந்தும் பாகவதரின் முகத்தில் ஒரு குறை இருந்தது. கரைக்குக் கரை ஆட்கள் அவரைக் கேட்டார்கள். எல்லாரும் கேட்டது படப் பாட்டு. "அண்ணை, சாக முதல் அந்தப் பாட்டை ஒருக்கால் முழுக்கப் பாட வேணும்" என்பார். "சாகிறவர் மாதிரியோ கதைக்கிறீர், கானை எடும்" என்பேன் நான்.

போன சோளகத்தில்தான் அது நடந்தது. பின்னேரப் படகு, நிறைய ஆட்கள். பாகவதர் ஒரு புதுப் படப் பாட்டை எடுத்து, சரியாக நடுக்கடலில், மீன்வாடிகளைப் பற்றிச் சொந்த வரி கட்டிக்கொண்டிருந்தார். படார் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. யாரோ கடலில் கைவிட்ட வலை, அடியில் சுழலுகிற விசிறியில் சுற்றிக்கொண்டது. படகோட்டி சின்னராசு கத்தியோடு குதித்து வெட்டிப் பார்த்தான். வலை வந்தது, விசிறியும் உடைந்து வந்தது.

எஞ்சின் நின்றதும் பாட்டும் நின்றது. அந்தக் கடலில் நான் முதல்முதலாகக் காற்றைக் கேட்டேன். படகு ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. பிள்ளைகள் அழுதார்கள். செல்லம்மாக்கா முட்டைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்.

"பாகவதர், பாட்டை விடாதையும்! எனக்குச் சத்தி வருது!"

பாகவதர் கானைத் தட்டிப் பார்த்தார். தாளம் வரவில்லை. "எஞ்சின் இல்லாமல் எனக்கு ஏலாது, அக்கா" என்றார்.

"ஐயோ, எதையெண்டாலும் பாடுமன்!"

"எஞ்சின் வேண்டாத பாட்டு என்னட்டை ஒண்டுதான் இருக்குது."

செல்லம்மாக்கா அவரைப் பார்த்தார். படகே பார்த்தது. "அப்ப அதைப் பாடும்" என்றார் அக்கா.

பாகவதர் கானைக் கீழே வைத்தார்.

"தண்ணியே தண்ணியே, கொஞ்சம் தள்ளி இரு,
என்ர ஆளைப் பாக்க வேணும், எட்டி இரு..."

பஸ்ஸில் பக்கத்து ஆளைத் தள்ளி இருக்கச் சொல்வது போல் கடலைத் தள்ளி இருக்கச் சொன்னார்! முதலில் நான் சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. அவருடைய மனைவிக்கு அனலைதீவில் மகள் பிறந்த நேரம் சோளகம் படகை விடவில்லையாம். மனிதர் ஊர்காவற்றுறைத் துறையில் நின்றபடி கடலைப் பார்த்துச் சொன்ன சொல்லாம் அது. "பிள்ளை அழுகுதாம் அக்கரையிலை, பேர் வைக்க அப்பன் இக்கரையிலை" என்றார். அவருடைய மகள் எனக்குத் தெரிந்த பிள்ளை. இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. இத்தனை காலம் என் படகில் போய்வந்த மனிதர், இதை ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. பாடிச் சொல்ல வைத்திருந்திருக்கிறார்!

ஒருவரும் சத்தி எடுக்கவில்லை. அழுத பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள். அனலைதீவில் இருந்து ஒரு மீன்படகு வந்து, நீளக் கயிற்றில் கட்டி எங்களை இழுத்தது. அதன் எஞ்சின் தூரத்தில் முணுமுணுத்ததே தவிர, பாட்டைத் தொடவில்லை. செல்லம்மாக்கா முட்டைப் பெட்டியை எப்போதோ விட்டுவிட்டார். இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துறை வந்தது. புது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் கையை நீட்டி, "முதலாளி, எறியுங்கோ! கெதியா எறியுங்கோ!" என்று கத்தினார்கள். கயிறு என் கையில் இருந்தது. படகு துறையை உரசிக்கொண்டு மெல்ல விலகியது.

பாகவதர் கடைசி அடிக்கு மூச்செடுத்தவர், பழக்க தோசத்தில் என் கையைப் பார்த்தார். நான் எறியவில்லை. மனிதருக்கு விளங்கவில்லை.

"அண்ணை, துறை வந்திட்டுதெல்லே?"

கயிற்றை என் காலடியில் போட்டுவிட்டு, அதன் மேல் ஏறி இருந்துகொண்டேன்.

"நீர் பாடும். துறை எங்கையும் ஓடாது."