அம்மாவுக்குப் புரிந்தால் தமிழ்

மனைவியின் முன்னேற்றத்துக்கு இனி முழுமூச்சாக உதவுவது என்று மேற்படியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தீர்மானித்தார். அவள் தேர்வில் தோற்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது. எதிர்க்கிற கணவனோடு சண்டை போடலாம், வாதாடலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். ஆதரிக்கிற கணவனை என்ன செய்வது?

மேற்படியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கடிதம் எழுதும் பிரிவில் பதினேழு வருடம். "மேற்படி பொருள் தொடர்பாக" என்று தொடங்காத கடிதம் அவர் கையிலிருந்து வெளியேறியதில்லை. நாளடைவில் அது உடம்பில் ஊறி, வீட்டிலும் "மேற்படி சட்டையைக் காணோமே" என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது.

மனைவிக்கு மருத்துவமனையில் வேலை. மதியம் வரை பழைய கோப்புகளை அடுக்க வேண்டும். பத்து வருடமாகத் தூசியோடு குடித்தனம் நடத்தியவள், வாசலில் இருக்கும் தகவல் மேசைக்கு அதிகாரி தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்துவிட்டாள். ஆங்கிலச் சொல்வளத்தில் ஒரு தேர்வு, பிறகு நேர்காணல். வேலை நேரம் மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டரை.

அந்தக் கடைசி வரியைத்தான் மேற்படியார் திரும்பத் திரும்பப் படித்தார். மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்கு வருவார். பிரம்பு நாற்காலியில் சாய்வார். தேநீர் வரும். செய்தித்தாள் வரும். மூக்குக்கண்ணாடி வரும். எட்டு மணிக்குச் சாப்பாடு வரும். இவையெல்லாம் மழை வருவது மாதிரி தானாக வருகின்றன என்றே இத்தனை வருடமும் இருந்துவிட்டார். இப்போதுதான், இவற்றுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள், அந்த ஆள் எட்டரை வரை மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்பது உறைத்தது.

வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. போன மாதம்தான் அலுவலகக் கூட்டத்தில் பெண்கள் முன்னேற்றம் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசியிருந்தார். கைதட்டல் வேறு. பக்கத்து மேசைத் தட்டச்சர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவரே பார்த்தார்.

"இந்தா, உன் தேர்வுக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கேன்," என்றார். "தினமும் ஆறிலேருந்து எட்டு வரைக்கும் வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ்ல வாயைத் திறந்தா, அடுத்து வர்ற வீட்டு வேலை அவங்க தலையில."

"நீங்களும் பேசுவீங்களா?"

"என்ன கேள்வி இது? ஆபீஸ்ல நான் எழுதுற இங்கிலீஷைப் பார்த்து மேலதிகாரியே அகராதி தேடுவாரு."

அவர் கணக்கு இதுதான். அவளுக்குப் பேச வராது. பயந்து வாயை மூடிக்கொள்வாள். ஒரு வாரத்தில் மனம் சலித்துத் தேர்வே வேண்டாம் என்பாள். இடையில் தப்பித்தவறி வரும் தமிழுக்குத் தண்டனையாக வீட்டு வேலை. அது எப்படியும் அவள் செய்வதுதான். போனால் ஒன்றுமில்லை, வந்தால் நிரந்தர நாற்காலி.

"சரிங்க. யாரு பார்த்துச் சொல்றது, தப்புன்னு?"

"அம்மா இருக்காங்களே."

அம்மா என்பது அவருடைய அம்மா. கூடத்து ஜன்னலடியில் உட்கார்ந்து தையல்கடைக்குச் சட்டைப் பொத்தான்துளை தைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாதே?"

"அதுதான் நல்லது," என்றார் மேற்படியார், தன் மூளையைத் தானே தடவிக்கொடுத்தபடி. "அம்மாவுக்குப் புரிஞ்சா அது தமிழ். புரியலைன்னா இங்கிலீஷ். எவ்வளவு சுலபம்."

சொன்னதோடு நிற்காமல் விதிகளைத் தட்டச்சு செய்தார். மேற்படி வீட்டில், மேற்படி நேரத்தில். நடுவரின் தீர்ப்பே இறுதியானது. இவ்விதிகள் தேர்வு முடிவு வெளியாகும் நாள் வரை, அந்நாள் உட்பட, நடைமுறையில் இருக்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். அம்மா தன் பங்குக்குக் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சத்தம் டக்கென்று வந்தது.

திங்கட்கிழமை ஆறு மணி. மனைவி பேசவில்லை. ஆறு ஐந்து, பேசவில்லை. ஆறு பத்து. வீடு அத்தனை அமைதியாக இருந்தது. மேற்படியார் கண்ணை மூடி, இந்த யோசனை பத்து வருடத்துக்கு முன்னாலேயே வராமல் போய்விட்டதே என்று வருந்தினார். பிறகு பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். கையில் ஒன்றும் வந்து சேரவில்லை.

"டீ ப்ளீஸ்," என்றார்.

டக். "புரிஞ்சிடுச்சு," என்றார் அம்மா.

"அம்மா, டீங்கிறது இங்கிலீஷ்."

"நான் நாப்பது வருஷமா குடிக்கிறேன். எனக்குத் தெரியாதா அது என்னன்னு?" டக். "இப்ப நீ பேசினதும் புரிஞ்சிடுச்சு. ரெண்டு."

"இது அநியாயம்."

டக். "மூணு."

அன்று தேநீர் போட்டது மேற்படியார். பாத்திரம் கழுவியது மேற்படியார். மறுநாளுக்குக் காய் நறுக்கியதும் அவரே. தேயிலை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வழியில்லை. டப்பா என்றாலும் புரியும், பாக்ஸ் என்றாலும் புரியும். அலமாரி அலமாரியாகத் திறந்து, மூன்றாவது தட்டில் கண்டுபிடித்தார்.

அப்போதுதான் அவருடைய திட்டத்தின் ஓட்டை தெரிய ஆரம்பித்தது. வீட்டில் எல்லாம் இருக்கும் இடம் மனைவிக்குத் தெரியும். அவள் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வருடம் வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்துவாள். வாய் தேவைப்படுவது உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே? இந்தச் சின்ன விஷயம் பதினைந்து நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆயுதத்தை மாற்றினார். பதினேழு வருட அலுவலக ஆங்கிலம் எதற்கு இருக்கிறது? தொண்டையைச் செருமி, சமையலறைப் பக்கம் பார்த்து, "வித் ரெஃபரன்ஸ் டு த அபவ், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்," என்றார்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். யோசித்தார். கீழே வைத்தார்.

தேநீர் வந்தது. மேற்படியார் பெற்ற ஆனந்தத்தை எழுதி மாளாது. புதன்கிழமை கைண்ட்லி டூ த நீட்ஃபுல், செய்தித்தாள் வந்தது. வியாழன், மூக்குக்கண்ணாடி. வெள்ளி, அதே நீட்ஃபுல்லுக்கு மின்விசிறி சுழன்றது. ஒரே வாக்கியத்தில் ஒரு குடும்பத்தையே நடத்தலாம் என்று கண்டுபிடித்த முதல் மனிதர் தான்தான் என்று அலுவலகத்தில்கூட லேசாகக் கோடி காட்டினார்.

சனிக்கிழமை, "கைண்ட்லி டூ த..." என்று ஆரம்பிக்கும்போதே டக்.

"புரிஞ்சிடுச்சு."

எழுந்தே விட்டார் மேற்படியார். "எப்படிம்மா? என்ன புரிஞ்சுது?"

"நீ எழுந்திருக்க மாட்டே, அவ எழுந்திருக்கணும். அதானேடா அர்த்தம்? நாலு நாளா வேற என்ன நடந்துது?"

அகராதியில்கூட இவ்வளவு துல்லியமான பொருள் கிடைக்காது. நீட்ஃபுல் அன்றோடு தமிழாகிவிட்டது.

மனைவி இதற்குள் வாய் திறக்கத் தொடங்கியிருந்தாள். முதலில் அடுப்போடு பேசினாள். பிறகு குழாயோடு. செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்தாள். அவளையும் அம்மா விடவில்லை. "வாஷ்" என்றாள், டக். மறுநாள் பஸ்ஸில் அகராதியைப் புரட்டி "ரின்ஸ்" கொண்டுவந்தாள். அது மூன்று நாள் தாங்கியது. அம்மாவின் கண் பொத்தான்துளையில் இருந்தாலும் காது சமையலறையில் இருந்தது. தண்ணீர்ச் சத்தமும் ரின்ஸும் சேர்ந்தே வருகிறது என்று பிடித்துவிட்டார். டக். மனைவி "ஸ்க்ரப்" என்றாள். அதுவும் பிடிபட்டதும், பாத்திரத்தை ஊறப்போட்டு "சோக்" என்றாள். சூடுக்கு "ஹாட்" செல்லாது என்றான பிறகு "ஸ்கால்டிங்" வந்தது, பாதி ஆறினதற்கு "லூக்வார்ம்" வந்தது. ஒரு சொல் போனால் அடுத்த சொல். மாமியார் துரத்தத் துரத்த மருமகள் அகராதிக்குள் ஓடிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் ஒரு மினுமினுப்பு. எட்டு மணி அடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

"இன்னிக்கு அந்த 'ஸிம்மர்' என்னன்னு கடைசி வரைக்கும் பிடிபடலைடி," என்பார் அம்மா.

"நாளைக்குப் பிடிச்சிடுவீங்க அத்தை. அதுக்குள்ள இன்னொண்ணு தேடணும்."

மேற்படியார் சிரிக்கவில்லை. அவருக்குக் கை எரிந்தது. பச்சைமிளகாய் நறுக்கிய கை.

இரண்டாவது வாரக் கடைசியில் எட்டு மணி தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார். "மேற்படி விதிகளை ரத்து செஞ்சிடலாமான்னு பார்க்கிறேன். உனக்கு ரொம்பச் சிரமமா இருக்கு."

"எனக்கு ஒரு சிரமமும் இல்லைங்க. நல்லா இருக்கு."

"இல்ல, அம்மாவுக்கு..."

"எனக்கு என்னடா?" என்றார் அம்மா. "டீவியைவிட நல்லா இருக்கு."

"முடிவு வர்ற நாள் வரைக்கும்னு நீங்கதானே எழுதினீங்க?" என்றாள் மனைவி. "கையெழுத்துகூட இருக்கு. கீழே தேதியும் போட்டிருக்கீங்க."

அலுவலகத்தில் தட்டச்சர் அம்மாவிடம் ஆறுதல் தேடினார். அவர் நெகிழ்ந்துபோய், "உங்களை மாதிரி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க அவங்க கொடுத்து வச்சிருக்கணும் சார். உங்க விதிகளை ஒரு பிரதி தாங்க, எங்க வீட்லயும் ஒட்டணும்," என்றார். அதற்குப் பிறகு பின்வாங்குவது எப்படி?

ஆறாவது வாரம் தேர்வு வந்தது. அடுத்த வாரம் நேர்காணல். அவள் திரும்பி வந்தபோது மணி நாலு. தமிழுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"எப்படிப் போச்சு?" என்றார் அம்மா.

"வர்றவங்களுக்கு ஒரு சொல் புரியலைன்னா வேற எப்படிச் சொல்வேன்னு கேட்டாங்க அத்தை. ஒரே விஷயத்தை அஞ்சு விதமாச் சொல்லச் சொன்னாங்க."

"சொன்னியா?"

"எட்டு விதமாச் சொன்னேன். ஒன்பதாவதுக்கு அவங்களே போதும்னுட்டாங்க. யாருகிட்டம்மா படிச்சேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"வீட்ல ஒரு நடுவர் இருக்காங்கன்னேன்."

மேற்படியார் அன்று விடுப்பு எடுத்துப் படுக்கையறையில் இருந்தார். கையில் தலையணை அளவு அகராதி. கடைசி அஸ்திரம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். முடிவு வரும் நாளில் பேச வேண்டிய பேச்சு. ஒரு பெண் மாலை நேரத்தில் வீட்டில் இல்லாவிட்டால் குடும்பம் என்னவாகும் என்பதை, மனைவிக்குக் கண் கலங்கும்படி, அம்மாவுக்கு ஒரு எழுத்தும் எட்டாதபடி, உலகத்தில் யாருமே புழங்காத ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும். பத்து நாள் உழைத்தார். கண்ணாடி முன்னால் நின்று பயின்றார். அந்த உழைப்பை மட்டும் பார்த்தால் அவருக்கே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

முடிவு வியாழக்கிழமை வந்தது. மேற்படியார் ஆறேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மேசைமேல் கடிதம். மனைவி அதன் எதிரே உட்கார்ந்து மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டாள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும். முகம் அப்படியே விளக்கேற்றினாற்போல இருந்தது. அம்மா ஊசியைக் கோக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்படியார் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து நின்றார்.

"இட் இஸ் இம்பெரேட்டிவ் டு காண்டெம்ப்ளேட் த ஈக்விலிப்ரியம் ஆஃப் த டொமெஸ்டிக் ஸ்ஃபியர்," என்று குடும்பச் சமநிலையில் தொடங்கினார். நிற்கவில்லை. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். அமைதிக்கு ட்ரான்க்விலிட்டி வந்தது. வெறுமைக்கு டெஸலேஷன் வந்தது. ஆள் இல்லாத வீட்டில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு மனிதனைப் பற்றிய பகுதியில் அவர் குரலே தழுதழுத்தது. மேற்படி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு டீ இல்லை, ஒரு ப்ளீஸ் இல்லை. குற்றம் கண்டுபிடிக்க முடியாத ஆங்கிலம். மனைவியே வாய்பிளந்து கேட்டாள். இரண்டு சொற்களைக் கடிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளவும் செய்தாள்.

பேசி முடித்து, மூச்சு வாங்கி, வெற்றியோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

டக்.

"புரிஞ்சிடுச்சு," என்றார் அம்மா.

மேற்படியாருக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. பிறகு வெளியே வந்தபோது தமிழாகத்தான் வந்தது. "சத்தியமாச் சொல்லும்மா. எந்த வார்த்தை புரிஞ்சுது? ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லு பார்ப்போம்."

"வார்த்தை ஒண்ணுகூடப் புரியலைடா." அம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நூலைக் கோத்தார். "சின்ன வயசுல பள்ளிக்கூடம் போகாம இருக்கறதுக்கு வயித்து வலின்னு சொல்லுவியே, அதே மூஞ்சி. இந்த இங்கிலீஷ் நேரம்னு முதல் நாள் நீ ஆரம்பிச்சப்பவும் இதே மூஞ்சிதான். அப்பவே புரிஞ்சுதுடா. நல்ல யோசனையா இருக்கேன்னுதான் சும்மா இருந்தேன்."

மனைவி கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வித் ரெஃபரன்ஸ் டு த அபவ்," என்றாள் கணவனைப் பார்த்து, மிகவும் அன்பாக, "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

டக். "புரிஞ்சிடுச்சு," என்றார் அம்மா. "உனக்கும் ஒரு வேலைடி. வா, இந்த நூல்கண்டைப் பிடி."

மேற்படியார் விதிகள் ஒட்டியிருந்த சுவரைப் பார்த்தார். அந்நாள் உட்பட. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தேயிலை மூன்றாவது தட்டில் இருந்தது. சர்க்கரை அதற்குப் பின்னால். வடிகட்டி ஆணியில். ஏழு வாரத்தில் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் அதுதான். எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.