எழுதியது நானில்லை

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு, இரண்டே முறை தவிர உன்னை என்றும் விட்டுக்கொடுக்காத தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தனாக இருந்து, சாட்சி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியவன் கடிதத்தைப் பொய்யில் தொடங்கக் கூடாது. என் மனைவி சுகம். என் மூட்டுவலியும் சுகமாக இருக்கிறது, போவதாகத் தெரியவில்லை. என் மகள் மட்டும் ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் கேட்கிறாள். உப்பு என் முன்னால் இருக்கிறது.

அவள் பகலில் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிறாள் என்பது உனக்குத் தெரியும். சாயங்காலத்தில் ஹிப்ஹாப் பாடுகிறாள் என்பது தெரியாது, ஏனென்றால் நான் உன்னிடம் சொல்லவில்லை. பயப்படாதே, அது தாளத்தின் மேல் ஏறிக்கொண்டு மளமளவென்று பேசுகிற பாட்டு. போட்டி என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வார்த்தையால் தோலுரிப்பார்கள், முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். எங்கள் நீதிமன்றத்தில் முதல் பாதி மட்டும்தான் உண்டு. அவள் துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்குகிற துணிகளைப் பார்த்துப் பாடிப் பழகுவாள். துணி சத்தத்தை விழுங்கிவிடுமாம். எங்கே விழுங்கியது! சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். ஒருவர் வேகமாகப் பேசினால் என் விரல் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றது நான்தானே, விரல் இல்லையே. மூன்று மாதத்தில் இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது, பக்கத்துக்குப் பக்கம் தேதியும் மணியும் போட்டு.

போட்டிக்கு வரவேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். "அப்பா, நீங்க முன்னாடி உட்கார்ந்திருந்தா எனக்கு வாய் வராது." நானும் சரி என்றேன், போனேன். பழைய அச்சகத்தைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள், தரையில் இன்னும் மைக்கறை. மேடை ஏறிய பதினாறு பேரில் பெண்கள் இருவர். இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை ஆண்களின் குழு ஒன்று நடுநடுவே "ஓஹோ ஓஹோ" என்று இழுக்க மட்டும் கூட்டிவந்திருந்தது. அவள் சொந்தமாக எழுதிய வரிகள் கைப்பைக்குள் மடித்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போயினவாம். நம்மவளுக்கு எதிராளி, 'இடி' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட செருப்புக்கடை விற்பனையாளர். கடையில் காலைப் பிடித்துப் பணிவாக அளவு பார்ப்பவர், மேடையில், "அடுப்புல பால் பொங்குது, மைக்க வெச்சுட்டு ஓடு" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் என்ன வேகம் என்கிறாய், நான் வாசல் கம்பத்தில் சாய்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், கடைசி வரி கைதவறிப் போயிற்று, பழக்கதோஷம், நிமிர்ந்து நின்று கையைத் தூக்கி, "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க, கடைசி வரிய இன்னொரு தரம் சொல்லுங்க, பதிவாகல" என்று சொல்லிவிட்டேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். இடி பாவம், தாளத்தைத் தொலைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். நடத்துகிறவர் மைக்கோடு என்னிடம் ஓடிவந்து, "யார் சார் நீங்க? கையில என்ன?" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வாசித்துக் காட்டுவதுதானே நம் தொழில்? இந்தப் பெண்ணின் அப்பா என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டி, முதலில் கண்ணில் பட்ட பக்கத்தை நீதிபதி முன்னால் வாசிப்பதைப்போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தேன்:

பாட்டெழுத ஒருத்தன், பாடவைக்க ஒருத்தன்,
பக்கத்துல நின்னு பேரு வாங்க ஒருத்தன்;
மூச்சு மட்டும் என்னுதுன்னு விட்டுவெச்சீங்களே,
மூச்சவெச்சுத் தாண்டா பாட்டே வருது!

அடுத்தது என் மகளின் முறை. அவள் தயார் செய்து வைத்திருந்தது அதே நான்கு வரிதான். வேறு வழியில்லை, பாடினாள், நன்றாகத்தான் பாடினாள், கைதட்டலும் வாங்கினாள். ஆனால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். 'அப்பாவின் பேனா, மகளின் குரல்' என்று மறுநாள் ஊரெல்லாம் கைப்பேசியில் என் படம். ஒருவர் எனக்குப் பாட்டெழுத வாய்ப்புக்கூடக் கொடுத்தார்! அவள் இறுதிப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள், ஆனால் அதற்கு முன்னால், வரிகள் தன்னுடையவைதான் என்று நடத்துகிறவர்களிடம் நிரூபிக்க வேண்டுமாம், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்களாம். "மத்த பேர்கிட்டயெல்லாம் இத கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லையாம்.

நான் இதைப்பற்றி நிறைய யோசித்தேன், அக்கா. பேச இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நின்று பேசிய பேச்சுதான் இந்தப் பாட்டு. அந்தத் தெருவிலும் பெண்ணை ஓரமாக நில் என்றால் அவள் வேறு எந்தத் தெருவுக்குப் போவாள்? ஒருவன் கோபமாகப் பாடினால் திறமை என்கிறார்கள். ஒருத்தி பாடினால் வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள், அதுவும் நன்றாகப் பாடிவிட்டால் பின்னால் யார் என்று திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் இந்த வயதில்தான் எனக்கு உறைத்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீதான். இரண்டு நோட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் அவள் இருமியது, தடுமாறியது, "சே, இந்த வரி சரியா வரல" என்று அவளே அடித்துத் திருத்தியது எல்லாம் இருக்கிறது. எழுதிக்கொடுப்பவன் இருமலையுமா எழுதுவான்? படித்துவிட்டு, தம்பி வெறுமனே கேட்டு எழுதியவன்தான் என்று ஒரு சான்றுக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.

அதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. சுருக்கெழுத்தை முதலில் கற்றவள் நீ. செய்தித்தாளை வாசித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. நீதிமன்ற வேலைக்கு "ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் எதுக்கு, அவன் போடட்டும்" என்று அப்பா சொன்னபோது, நான் செருப்பை மாட்டிக்கொண்டு மனுப் போடப் போய்விட்டேன். என் பிரிவு உபசார விழாவில் தலைமை எழுத்தர், "தன் அக்காவுக்கே சுருக்கெழுத்து கத்துக்கொடுத்தவர்" என்று பேசினார். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். நான் பரிசுக் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தப்பு அக்கா. அன்றைக்கே மைக்கைப் பிடுங்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழ என் ஆசி. உன் கண்புரை சீக்கிரம் சரியாகட்டும், குறிப்பாக வெள்ளிக்கிழமைக்குள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தபால் உறை தேடப் போனேன். அதற்குள் அவள் படித்துவிட்டாள். சிவப்புப் பேனாவால், நான் 'நிறைய யோசித்தேன்' என்று எழுதியிருக்கும் பத்தி முழுவதையும் வளைத்து, "இது நான் போன வாரம் நர்ஸ்கிட்ட போன்ல சொன்னது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். உண்மைதான். அதுவும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்ததுதான். ஆகையால் மேலே புத்திசாலித்தனமாக ஏதாவது இருந்தால் அது என்னுடையது அல்ல. செருப்பு மாட்டிய இடமும் தலையாட்டிய இடமும் மட்டும் என்னுடையவை. சான்றுக் கடிதமும் வேண்டாமாம். நோட்டுகளை உறையிலிருந்து எடுத்துவிட்டாள். கூட்டத்தில் யார் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அங்கேயே கட்டிப் பாடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாளாம், நர்ஸும் அவளோடு பாடுகிறாளாம். "அத்தைய வரச் சொல்லுங்க. முன் வரிசை. மொத சொல்ல அவங்க கொடுக்கட்டும். நீங்க வீட்டுல இருங்க," என்கிறாள். இதையும் அவள் சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன். நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல், என்னால் பிடிக்க முடியவில்லை. "கடைசி வரிய இன்னொரு தரம் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டேன். சொல்லவில்லை. ஒன்பது நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.