வெயிலில் பார்த்த நீலம்

இரண்டு தட்டிலும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. அம்பிகா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

சிலிக்கன் தகடு அமிலத்தில் குளித்து, உலையில் வெந்து, நீலப் பூச்சு ஏறி, வெள்ளிக் கோடும் வாங்கிக்கொண்டு சோலார் செல்லாக அவள் கைக்கு வரும். நிறம் பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. பத்து நாளாகப் பேனல்கள், கலர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தன.

"இன்னைக்கும் தப்பாப் பிரிச்சா நாளைக்கு வர வேணாம்மா," என்று சூப்பர்வைசர் ராயப்பராஜ் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அம்பிகா சின்னாளபட்டிச் சேலைக்கடையில் ஆறு வருஷம் நின்றவள். ட்யூப்லைட்டை நம்பி யாராவது சேலை எடுப்பார்களா? ஒரு செல்லை எடுத்துக்கொண்டு, தலையையும் மூடிய வெள்ளை உடுப்போடு பின்வாசலுக்கு நழுவினாள்.

வெயிலில் அது நீலமே இல்லை. கத்திரிப்பூ!

ஒன்றை வைத்து எப்படிச் சொல்வது? முழுத் தட்டையும் தூக்கி வந்தாள். சிறுமலைக் காற்று ஒரு வீச்சு வீசியது. பறந்த செல்லைத் தாவிப் பிடித்தாள், அப்பளமாக நொறுங்கியது. மண்டியிட்டுப் பொறுக்கினாள், உடுப்பெல்லாம் செம்மண். தட்டிவிட்டாள், மண் தட்டில் கொட்டியது. ஊதினாள், இன்னும் நான்கு பறந்தன.

குப்பைக் கூடையோடு வந்த கருப்பாயி நின்றாள். "என்ன தாயி, வத்தல் காயப்போடுறியா?"

அம்பிகா தட்டோடு உள்ளே ஓடினாள். தூசியைக் கண்டால் அடிக்கும் மணி அலறியது.

"ஒரு முடி விழுந்தாலே எனக்குத் தூக்கம் வராது. நீ ஒரு வயலையே அள்ளிட்டு வாரியே!" ராயப்பராஜ் பாய்ந்து வந்தார்.

"சார், செத்த வெளிய வந்து பாருங்க..."

"உன்னய வெளிய அனுப்பத்தான் வாரேன், நட!"

வாசலைத் தாண்டியதும் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார். வெயிலில் சாய்த்தார். திருப்பினார்.

"பூச்சு மெலிஞ்சு போயிருக்கு," என்றார் மெதுவாக. "கோளாறு மெஷின்லதான், உன் கண்ணுல இல்ல. நாளையில இருந்து நீ பர்மனென்ட். குளிச்சிட்டு வா. இத்தன இஞ்சினியர் இருந்தும் இதப் பாத்த மொத ஆளு நீதாம்மா!"

கருப்பாயி கூடையை இறக்கி வைத்தாள்.

"மொத ஆளா? பத்து நாளாக் குப்பையில வார ஒடசல் அம்புட்டும் இந்தக் கத்திரிப்பூதான் சார். புது டிசைனாக்கும்னுல்ல நெனச்சேன்!"