சுவரிலே சத்தம்

மனிதர்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரரை உங்களுக்குத் தெரியும். "சிரிங்க, இன்னும் கொஞ்சம், தோளை இறக்குங்க" என்று நம்மைக் கெஞ்சிக் கூத்தாடி, நாம் சிரித்து முடித்துக் கன்னம் வலிக்க ஆரம்பித்த பிறகு பொத்தானை அமுக்குபவர். அவர் பரவாயில்லை. அவருக்கு நாம் வேண்டும். இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம்: அறைகளைப் படமெடுக்கும் புகைப்படக்காரர். ரசனையோடு கட்டிய வீடு, லட்சணமாக அமைத்த உணவகம், மாதக்கணக்கில் யோசித்து விளக்கு பொருத்திய பல் மருத்துவமனை, எதுவானாலும் கேமராவோடு வந்து நிற்பார். நின்றதும் அங்கே இருக்கிற அத்தனை பேரையும் வெளியே அனுப்புவார். யாருக்காக அந்த இடத்தைக் கட்டினார்களோ அவர்தான் முதலில் வெளியேற வேண்டியவர்.

நம்முடைய படக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு வயது, சாதுவான மனிதர், ஓர் எறும்பைக் கூட மிதிக்க மாட்டார். படத்தில் வருமென்றால் மட்டும் தள்ளிப் போகச் சொல்வார். ஓர் அறைக்குள் நுழைந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்பே, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். பழகாதவர்கள் கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று தண்ணீர் எடுக்க ஓடுவார்கள். அவர் நேராக மூலைக்குப் போய், முதுகைச் சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் அறையை அளப்பார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொல்வார்:

"ரொம்பச் சத்தமா இருக்கே."

"ஃபேனை நிறுத்தட்டுமா சார்?" என்பார் வீட்டுக்கார அம்மா.

"ஃபேன் இல்லம்மா. அந்தச் சுவரு."

சுவரை உற்றுப் பார்ப்பார் அந்த அம்மா. காதை வைத்துக் கேட்டவர்களும் உண்டு. விஷயம் இதுதான்: படக்காரருடைய அகராதியில் சத்தம் என்பது காதில் விழுவதல்ல, கண்ணில் இடிப்பது. சார்ஜர் வயர் சத்தம். ரிமோட் சத்தம். சோஃபாவில் மடிக்காமல் கிடக்கும் துண்டு, ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய பள்ளிக்கூட அட்டவணை, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, கதவோரச் செருப்பு, அதிலும் ஒன்று கவிழ்ந்து கிடந்தால் பெருஞ்சத்தம், இவை எல்லாவற்றையும்விட ஓயாத சத்தம், அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்.

இதற்கு அவரிடம் மருந்து உண்டு. "அது மட்டும் எடுத்துடலாமா?" அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதன் பணிவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முதலில் ரிமோட் மட்டும். பிறகு திரைச்சீலை மட்டும். சாப்பாட்டு மேசை மட்டும். மத்தியானத்துக்குள் வீட்டுச் சாமான் முழுக்கக் குளியலறையில் குவிந்திருக்கும். அதன்மேல் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். தொழிலில் படக்காரருக்கு 'அதுமட்டும்' என்றே பெயர்.

அவர் சாதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஓர் அலுவலகத்தில் அறுபது ஊழியர்களை இரண்டு மணி நேரம் மாடிப்படியில் நிறுத்திவைத்து, காலி நாற்காலிகளைப் படமெடுத்தார்; 'உற்சாகம் ததும்பும் பணியிடம்' என்ற தலைப்பில் அது வெளியானது. ஒரு புத்தகக் கடையில் புத்தக முதுகுகளின் நிறம் கூச்சல் போடுகிறதென்று புத்தகங்களையெல்லாம் உட்பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு வாரம் கழித்தும் கடைக்காரர் சமையல் புத்தகம் கேட்டவருக்கு வானவியலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனையில், பாதி அடைத்த பல்லோடும் வாய் நிறையப் பஞ்சோடும் ஒரு நோயாளியை நடைபாதையில் உட்கார வைத்தார். அவரால் ஆட்சேபிக்க முடியவில்லை.

பையில் கேமராவோடு ஒரு ஸ்க்ரூடிரைவர், துடைக்கும் துணி, ஒட்டும் நாடா, ஐந்து பச்சை மெழுகு ஆப்பிள்கள் எப்போதும் இருக்கும். ஒன்பது வருடமாக முந்நூற்றுச் சொச்சம் வீடுகளின் மேசைமேல் உட்கார்ந்திருப்பவை அதே ஐந்து ஆப்பிள்கள்தான். பத்திரிகைகளைக் கூர்ந்து பார்க்கிறவர்கள், நல்ல வீடு கட்டினால் பசி போய்விடும் என்று நினைத்திருக்கக் கூடும்.

சொந்த வீட்டையும் ஒரே ஒரு முறை எடுத்திருக்கிறார். அருமையான படம். மனைவி அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல நான் எங்கங்க?"

"நீ கதவுக்குப் பின்னாடி நின்னியே. லைட்டைப் பிடிச்சுக்கிட்டு."

"ஓஹோ" என்றார் மனைவி. அந்த ஓஹோவில் இருந்த சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு நாள் ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் போனில் கூப்பிட்டார். "சார், என் அக்கா வீடு. அக்காவுக்கும் மாமாவுக்கும் நான்தான் கட்டிக் குடுத்தேன். ஒரு போட்டிக்கு அனுப்பணும், இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி. இந்த வீட்ல முக்கியமான விஷயம் என்னன்னா..."

"நேர்ல பார்த்துக்கறேன் மேடம். வெளிச்சம் போயிடும்" என்று படக்காரர் வைத்துவிட்டார்.

அவர் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாமாவுக்கு ஆறு வருடமாகக் கண் தெரியாது. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். துணையில்லாமல் அவர் வீடு முழுக்க நடமாட வேண்டுமென்பதற்காக மைத்துனி பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. இடுப்பளவு உயரத்தில், சுவர் நெடுக ஒரு மரக் கைப்பிடி, வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை. அதில் சமையலறைக்கு முன்னால் ஒரு பித்தளைக் குமிழ், குளியலறைக்கு முன்னால் இரண்டு. கூடத்துச் சுவரில் டக் டக்கென்று ஒரு பழைய கடிகாரம். அதைக் கேட்டால் அவருக்குக் கூடத்தின் நடு எதுவென்று தெரியும். போட்டியும் இப்படிப்பட்ட வீடுகளுக்கானதுதான். வெல்லும் வரைபடத்தை வைத்து, கண் தெரியாதவர்கள் இருக்கும் இருபது குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவார்கள்.

படக்காரர் உள்ளே வந்தபோது மாமா சலவைச் சட்டை போட்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க" என்றார். படக்காரர் ஏற்கெனவே ஒரு கண்ணை மூடியிருந்தார். திறந்திருந்த கண் சுவரில் இருந்தது.

"சார், நீங்களும் அம்மாவும் பின்பக்கம் உட்காருங்க. அஞ்சே நிமிஷம்."

அக்கா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வயசிலும் கைகோத்துத்தான் போகிறார்கள் என்று படக்காரருக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக் கூட இருந்தது. போகிற போக்கில் அக்கா திரும்பினார். "சார், அந்தக் கட்டையை மட்டும்..."

உலகத்தில் வேறு யாராயிருந்தாலும் அந்த வாக்கியம் முடியும்வரை காத்திருப்பார்கள். 'மட்டும்' என்ற சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"நானும் அதைத்தாம்மா பார்த்தேன். கவலையே படாதீங்க" என்றார். தொடாதீர்கள் என்று சொல்ல வந்த அக்கா, புரிந்த மனிதர் என்று நிம்மதியாகப் போனார்.

கடிகாரம் முதலில் இறங்கியது. அதன்பின் கைப்பிடி. துண்டு காயப்போட யாராவது இவ்வளவு நீளமாகக் கட்டை அடிப்பார்களா என்று வியந்தபடி, கூடத்துச் சுவரில் இருந்த பன்னிரண்டடித் துண்டைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் படுக்கையறையில் சாய்த்தார். மேசைமேல் ஆப்பிள்கள் ஏறின. கண்ணாடி டீப்பாய் மூலையில் சத்தம் போடவே, அதை இரண்டடி நகர்த்திக் கூடத்தின் நடுவில் போட்டார். மூலைக்குப் போனார். சுவர் வெறுமையாக, நீளமாக, வெளிச்சத்தோடு கிடந்தது. அமைதி. சன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்ததால் மூன்று வினாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி கேமராவைத் திருகிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் உயிர் வாழ்கிறார், அதில் பொய்யில்லை.

அவர் சொன்ன ஐந்தே நிமிடம் அப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. தங்கை வரும் நேரம் என்று அக்கா தெருமுனைக்குப் போயிருந்தார். மாமாவுக்குத் தாகம். தன் வீட்டில் தண்ணீர் குடிக்க யாரைக் கேட்க வேண்டும்? கொல்லைக் கதவருகே கைப்பிடியைத் தொட்டார், நடந்தார், குமிழ் வந்ததும் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார், படமெடுப்பவருக்கும் ஒரு டம்ளரை நிரப்பி எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்.

திரையில், அந்த அமைதியான சுவரின் ஓரத்தில், ஒரு சட்டை முளைத்தது.

"சார், சார், ஃப்ரேமுக்குள்ள வர்றீங்க!"

"ஃப்ரேமுக்குள்ள இல்லப்பா, ஹாலுக்குள்ளதான் வர்றேன்" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

அவர் கை சுவரோரமாக நீண்டது. அடுத்த துண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நீண்டது. காற்றுதான் இருந்தது. நிதானம் தவறி, இருந்த பிடியையும் விட்டு, இரண்டடி தள்ளி வந்துவிட்டார்.

"கடிகாரம் எங்க?" என்றார். சிரிப்பு போயிருந்தது. "சத்தமே இல்லையே?"

அப்போதுதான் படக்காரர் இரண்டு கண்ணையும் திறந்து ஒரு மனிதரைப் பார்த்தார். கண்களைப் பார்த்தார், காற்றில் தடவும் கையைப் பார்த்தார், அந்தக் கால்களுக்கு ஓரடி முன்னால் தானே கொண்டுவந்து போட்ட கண்ணாடி டீப்பாயின் கூர்முனையைப் பார்த்தார். விளக்குக் கம்பத்தைத் தள்ளிவிட்டு, ஆப்பிள்கள் உருள, ஓடிப்போய் அந்தக் கைக்கு அடியில் நின்றார்.

கை அவர் தோளில் இறங்கியது. அழுத்திப் பார்த்தது.

"கட்டை மெத்துன்னு இருக்கே. புதுசா மாட்டினீங்களா?"

"சார்... நான்தான் சார்."

"தெரியுது. மரம் இப்படி நடுங்காது." டம்ளரை நீட்டினார். பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. "குடிங்க முதல்ல."

குடித்தார். அவமானத்தோடு ஒருவர் தண்ணீர் குடிப்பதைக் கேமரா மூன்று வினாடிக்கு ஒரு முறை பதிவு செய்தது. பிறகு அவர் மாமாவை நாற்காலி வரை நடத்திக்கொண்டு போனார். பதினோரு அடிகள். தன் வாழ்க்கையில் ஓர் அறையை அவர் குறுக்காக நடந்து பார்த்தது அதுவே முதல் முறை.

அக்காவும் தங்கையும் உள்ளே வந்தபோது சுவரில் எட்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"கட்டையை மட்டும் தொடாதீங்கன்னுதானே சார் சொல்ல வந்தேன்!" என்று அக்கா கத்தினார். தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"விடும்மா" என்றார் மாமா. "நானும் அச்சகத்துல முப்பது வருஷம் தப்புன்னு தோணினதையெல்லாம் அடிச்சிருக்கேன். சில கவிஞர்கள் வீடு தேடி வந்து சண்டை போட்டாங்க."

படக்காரர் மறுபேச்சில்லாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கைப்பிடியை மறுபடி மாட்டினார். கண்ணளவில் பார்த்து நேராக இருக்கிறது என்றார். மாமா தடவிப் பார்த்து, "இந்த ஓரம் அரை விரல் கீழ" என்றார். இரண்டு முறை கழற்றி மாட்டியபின் சரியானது. கடிகாரம் ஏறியது. டீப்பாய் மூலைக்குப் போனது. வெளிச்சம்தான் போய்விட்டது. கைப்பிடியோடு எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன.

மணி நாலு நாற்பது. ஆர்க்கிடெக்ட் கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். வெறும் சுவர், வெறும் சுவர், வெறும் சுவர். சட்டென்று விரல் நின்றது. வெறும் சுவர், அதன் நடுவே, டம்ளரைப் பிடித்தபடி ஒரு மனிதர், அவர் கைக்கு அடியில், வெளிறிப்போன முகத்தோடு, தோளைக் கொடுத்துக்கொண்டு இன்னொரு மனிதர். அசைந்ததால் இருவரும் படத்தில் லேசாக மங்கியிருந்தார்கள். கீழே ஓர் ஆப்பிள் உருண்டுகொண்டிருந்தது.

"இதைத்தான் அனுப்பறேன்" என்றார். "கைப்பிடி இல்லேன்னா என்ன ஆகும்னு நான் நாலு பக்கம் எழுதி வச்சிருந்தேன். இது போதும். கைப்பிடியோட ஒண்ணு, இது ஒண்ணு."

படக்காரர் படத்தைப் பார்த்தார். பழக்கம் விடுமா? தயங்கித் தயங்கி, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "மேடம், அதுல நான் வந்திருக்கேன். சத்தமா இருக்கு. என்னை மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்துட்டா?" என்றார் ஆர்க்கிடெக்ட். "எங்க மாமா எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. அன்று வீடு திரும்பிய படக்காரர் சுவரில் மாட்டியிருந்த சொந்த வீட்டுப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இந்தக் கதவுக்குப் பின்னாடிதானே நின்ன?" என்றார். "வா, வெளிய வந்து நில்லு." மனைவி வந்து நின்றார், தலை கூட வாராமல். அவர் ஒரு கண்ணை மூடினார், பிறகு திறந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஸ்க்ரூடிரைவரும் மெழுகு ஆப்பிளும் கிடையாது என்ற தைரியம். சரி, போனை எடுங்கள். புது சோஃபா வந்த அன்று எல்லோருக்கும் அனுப்பினீர்களே, அந்தப் படத்தைத் தேடி எடுங்கள். அழகாக இருக்கிறது, ஒரு சத்தமில்லை. அதை எடுப்பதற்கு முன்னால் "கொஞ்சம் தள்ளு" என்று ஒருவரிடம் சொன்னீர்கள். யாரிடம் என்று ஞாபகம் இருக்கிறதா? திரும்பிப் பாருங்கள். இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கப் போகிறார்.